முதுகைப் பார்ப்பவர்கள்

ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார், கேஸ் ஷீட்டைப் பார்ப்பார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஸ்டாஃப் நர்ஸ் ட்ரிப்ஸ் ஏறும் கையைப் பார்ப்பார், மருந்து நேரத்தைப் பார்ப்பார். படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகை யார் பார்க்கிறார்கள்? அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, விரிப்பு மாற்றுகிறவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் அவரை ஆயாம்மா என்றும் வார்டு பாய் என்றும் கூப்பிடுகிறோம். தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டென்ட். வீட்டுக்கு வந்தால் கேர்டேக்கர், சில வீடுகளில் ‘ஹோம் நர்ஸ்’.

நான் நர்ஸாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொது வார்டு, பிரசவ வார்டு, ஐசியூ என்று பல இடங்களில் இவர்களோடு சேர்ந்துதான் டியூட்டி பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அம்மாவைப் பாத்துக்க நல்ல ஆளா இருந்தா சொல்லுங்க சிஸ்டர்” என்று கேட்கிறார்கள். கேட்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஆள் தேடுகிறார்கள், ஆளும் கிடைக்கிறார். ஆனால் அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, அவர் சொல்வதில் எதைக் காதில் வாங்க வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிவதில்லை. ஆஸ்பத்திரிகளிலும் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. ‘எடுபிடி வேலை’ என்று அதை ஒதுக்கிவைத்திருக்கிறோம். படுக்கையில் இருப்பவரிடம் வரும் மாற்றத்தை முதலில் காண்பது இவர்கள்தான். கண்டதைச் சொல்லப் பழக்கி, சொன்னதை நாம் மதித்தால் எத்தனையோ சிக்கல்களை முளையிலேயே கிள்ளிவிடலாம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

படுக்கைப் புண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடம்பின் கனம் தோலை அழுத்துகிறது. அழுத்தம் விலகாமலே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டு, சதை செத்துப்போகிறது. இடுப்புக்குப் பின்னால் வால் எலும்பை ஒட்டிய இடம், இரண்டு பக்க இடுப்பு முட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை. இவை எல்லாமே கட்டிலோடு ஒட்டிக் கிடக்கும் இடங்கள், பார்க்க வருகிறவர் கண்ணில் படாதவை. அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்கிறோம். புரட்டுவது வேறு, இழுப்பது வேறு. தோளைப் பிடித்து மேலே இழுத்தால் விரிப்பில் உரசித் தோல் கிழியும். அனுபவப்பட்ட ஆயாம்மா தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு துணியை நாலாக மடித்துக் குறுக்கே போட்டிருப்பார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அந்தத் துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்துக் குதிகால் எதிலும் படாமல் நிற்கச் செய்வார்கள்.

இடம் சிவந்திருந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் பிழைத்தோம். அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் புண்ணின் முதல் கட்டம் வந்துவிட்டது. ஆனால் பாடப் புத்தகப் படத்தில் இருக்கும் சிவப்பை நம் ஊர்க் கறுத்த தோலில் தேடினால் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால், நிறம் இன்னும் கறுத்திருந்தால் அதுதான் அறிகுறி. நான் பார்த்த நல்ல உதவியாளர்கள் எல்லோருமே கையால் கண்டுபிடிக்கிறவர்கள். பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கும் பழைய பழக்கமும், அடியில் காற்றடித்த ரப்பர் வளையம் வைப்பதும் நல்லதில்லை. தேய்த்தால் உள்ளே நொந்துபோன சதை இன்னும் நோகும். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவே ரத்தம் போகவிடாமல் செய்யும்.

இந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் படிப்பு சாதாரணமானதில்லை. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் வயதான நோயாளிகளை ஆராய்ந்து 1962இல் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், தானே அசையும் திறன், மலஜலக் கட்டுப்பாடு என்று 5 விஷயங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். ஐந்தையும் ஒரு தடவை மறுபடி வாசியுங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கும் உதவியாளருக்குத் தெரியாதது அதில் ஒன்றாவது இருக்கிறதா?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக்கைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையில் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட அவர், 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் அங்கேயே படுக்கையில் இருந்தார். அவரது வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கருணைக்கொலை பற்றித்தான் நாடே பேசியது. எனக்கு மனதில் நின்றது வேறு. அத்தனை வருடம் படுக்கையில் இருந்தும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பது அப்போது எடுத்துச் சொல்லப்பட்டது. ஒரு தலைமுறை நர்ஸ்கள் ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்த பிறகும் அவரைப் புரட்டிவிட, துடைத்துவிட, ஊட்டிவிட அங்கே கைகள் இருந்துகொண்டே இருந்திருக்கின்றன. பராமரிப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது சாப்பாடு. பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறோம். உயிர் போகிற விஷயம் அது. படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நன்றாக நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்னச் சின்னக் கரண்டியாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீரை அண்ணாந்து குடிப்பது வழக்கம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அப்படி ஊற்றினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியான கஞ்சியை விழுங்குவது அவர்களில் பலருக்குச் சுலபம். சாப்பிட்டு முடித்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்தபடியே இருக்கச் செய்ய வேண்டும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து வரும் நிமோனியாக் காய்ச்சல், அன்றைக்குக் கேட்ட அந்த இருமலிலேயே தொடங்கியிருக்கும்.

ஒரு பொது வார்டில் எங்களோடு இருந்த ஆயாம்மா ஒருவரைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். விடியற்காலை டியூட்டி மாறும் நேரத்தில் என்னிடம் வந்து, “சிஸ்டர், மூலைக் கட்டில் தாத்தா இன்னைக்கு என்னைத் திட்டவே இல்ல. காப்பி ஆறிப்போச்சுன்னு தெனமும் சத்தம் போடுவாரு. இன்னைக்குப் பேசாம கெடக்காரு, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு” என்றார். தாத்தா சர்க்கரை நோயாளி. குத்திப் பார்த்தால் சுகர் 50க்கும் கீழே. ஓடிப்போய் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தும் டாக்டர் கையெழுத்தும் இருந்தன. ஆயாம்மா கவனித்தார் என்று எழுத அதில் இடமே கிடையாது. ஒரு நோயாளியின் வழக்கம் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் வழக்கம் மாறியதும் தெரியும். எந்த மானிட்டரும் அதைக் காட்டாது.

இடத்துக்கு இடம் இந்த வேலை வேறாகிறது. ஐசியூவில் மூச்சுக்குழாய் போட்டவரைப் புரட்ட மூன்று நான்கு பேர் வேண்டும். குழாயைப் பிடிப்பது நர்ஸின் வேலை, உடம்பைத் தாங்குவது உதவியாளரின் வேலை. பம்பையும் வென்டிலேட்டரையும் அவர் தொடக் கூடாது. ஆனால் வயதானவர்களுக்கு ஐசியூவில் வரும் திடீர் மனக்குழப்பத்தில் அவர் பங்கு பெரியது. கண்ணாடியை மாட்டிவிட்டு, காது மெஷினைப் பொருத்திவிட்டு, “ஐயா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலையில எட்டு மணி, உங்க மகன் வெளியில நிக்கிறாரு” என்று சொல்லிக்கொண்டே முகம் துடைத்துவிடுவார். ஒரு மருந்துக்கு நிகரான வேலை அது. டயாலிசிஸ் பிரிவில் முன்னும் பின்னும் எடை பார்ப்பது முக்கியம். எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்வதே அந்த எடையை வைத்துத்தான். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்க்கக் கூடாது என்பது அங்கே வேலை பார்க்கும் உதவியாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பிரசவ வார்டைப் பற்றிச் சொன்னால் மனக்கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் காசு, ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு என்று உதவியாளர்கள் கேட்டதை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். அது தப்பு. வலியில் இருப்பவளிடம் கை நீட்டுவதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது எத்தனை ஒப்பந்தக்காரர்களைத் தாண்டி வருகிறது, விடுப்பு எடுத்தால் என்ன பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதே கைதான் முதல் பிரசவத்தில் பயந்துபோய்க் கிடக்கும் பெண்ணின் இடுப்பை நீவிவிட்டு, “மூச்சை இழுத்து விடு தாயி, இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்று சொல்கிறது. பிறகு அவள் துணியில் எவ்வளவு ரத்தம் படிந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்பதும் அந்த உதவியாளர்தான். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் நிமிடக் கணக்கில் உயிர் போகும். “துணி நனைஞ்சிருக்கு” என்று சொன்னால் போதாது. எத்தனை துணி, எவ்வளவு நேரத்துக்குள் என்று சொல்லப் பழக்க வேண்டும். பழக்குவது நர்ஸ்களாகிய எங்கள் பொறுப்பு.

மனநல மருத்துவமனையில் இது இன்னொரு விதமான வேலை. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இலிருந்து தொடங்குகிறது. அங்கே உதவியாளரின் நாள் முழுவதும் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, மாத்திரையை விழுங்கினாரா நாக்குக்கு அடியில் ஒதுக்கினாரா என்று பார்ப்பது, கோபத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது என்று போகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குக் கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, அவர் விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்த வரிகளுக்கு உயிர் கொடுப்பது கையில் சீப்பும் துணியும் வைத்திருக்கும் உதவியாளர்தான். பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். ஆள் போட்டுக் கவனிக்க வேண்டிய இடத்தில் சங்கிலியை வைத்ததன் விளைவு அது.

மற்ற நாடுகளும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கழுவிவிட ஆளின்றி, சாப்பாடும் தண்ணீரும் கைக்கு எட்டாமல் கிடந்த கொடுமையை 2013இல் வெளியான பிரான்சிஸ் விசாரணை அறிக்கை பக்கம் பக்கமாக எழுதியது. அதே ஆண்டு உதவியாளர்களின் பயிற்சியைப் பற்றி மட்டும் கேவண்டிஷ் என்பவர் தலைமையில் தனி ஆய்வு நடந்தது. 2015 ஏப்ரலில் ‘கேர் சர்டிஃபிகேட்’ என்ற அடிப்படைப் பயிற்சி வந்தது. 2022இல் பராமரிப்பாளர்களுக்கு விசா கதவு திறந்தபோது அங்கே போன நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். அந்தக் கதவு 2025 ஜூலையில் புது ஆட்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதியோர் பராமரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் உதவியாளர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சியும் அடைய வேண்டும், அவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்’ என்று திறன் பயிற்சிப் படிப்பு இருக்கிறது. கொரோனா இரண்டாம் அலையில் அடிபட்ட பிறகு 2021 ஜூனில், வீட்டுப் பராமரிப்பு, அடிப்படைப் பராமரிப்பு உள்ளிட்ட 6 வகை வேலைகளுக்கு 1 லட்சம் பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. உறவினர் யாரும் உள்ளே வர முடியாத அந்த வார்டுகளில், கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற ஊற்ற ஊட்டிவிட்டவர்களும் வீடியோ காலில் மகள் முகத்தைக் காட்டியவர்களும் யார் என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வலி நிவாரணப் பராமரிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் கொண்டுபோகிறது. இதெல்லாம் நல்ல ஆரம்பம். ஆனால் அந்தக் குழு வந்துபோன பிறகு மீதி நேரம் முழுக்க நோயாளியோடு இருப்பவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

அதனால் வீட்டுக்கு ஆள் வைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘ஹோம் நர்ஸ்’ என்று ஏஜென்சி அனுப்புகிறவர்களில் பலர் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ்கள் அல்ல. ஊசி போடுவது, மூக்கு டியூபை மாற்றுவது, யூரின் டியூபை எடுத்துப் போடுவது இவற்றை அவர்களிடம் சொல்லாதீர்கள். “போட்டுருவேன் சார், பழக்கம்தான்” என்று அவரே முன்வந்தாலும் வேண்டாம். யூரின் பேக்கைக் காலி செய்யலாம். அது எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் மடியில் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பையில் இருப்பது திரும்ப உள்ளே போய் நோய்த்தொற்று வரும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

வந்தவரிடம் பாத்திரம் தேய்க்கவும் கடைக்குப் போகவும் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அவர் சமையலறையில் நிற்கும் நேரத்தில்தான் பாட்டி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார். நோயாளியின் வேலை மட்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். 24 மணி நேரமும் தங்குகிறவர் என்றால் அவருக்குத் தொடர்ச்சியாகத் தூங்க நேரம் வேண்டும். இரவெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டியவர் பகலிலும் விழித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது மனிதத்தன்மை இல்லை. அந்த நேரம் வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஷிப்டாக ஆள் வைக்க வேண்டும். உட்கார நாற்காலி, நேரத்துக்குச் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு எல்லாம் சலுகையாகத் தருவதில்லை, அவர் வேலைக்கு உரியவை. ஞாபகமறதி நோய் வந்த பெரியவர் திருடிவிட்டாள் என்று உதவியாளர்மேல் பழி போடுவார், சில நேரம் அடிக்கவும் செய்வார். நோயின் இயல்பு அது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, நீங்களும் அவர் பக்கம் நில்லுங்கள்.

கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் வீட்டில் நல்ல உதவியாளர் செய்வது வேறு. பசி போய்விட்டவருக்கு வற்புறுத்தி ஊட்ட மாட்டார். ஈரப்பஞ்சால் வாயையும் உதட்டையும் நனைத்துக்கொண்டே இருப்பார். “ஒரு வாய்கூடக் குடுக்கலையே” என்று உறவுக்காரர்கள் அவரைத் திட்டும்போது, அது டாக்டர் சொன்ன முறைதான் என்று வீட்டுக்காரர் எழுந்து சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டு வாங்கி நோயாளியின் தலைமாட்டில் வையுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம், மலம் போனாரா, தோலில் எங்காவது மாற்றம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். உதவியாளருக்கு எழுதத் தெரியாது என்றால் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்ததும், “அப்பாகிட்ட இன்னைக்கு வேற ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுச்சாம்மா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.